பாலைவன மாயப்புனைவுத் தொடர் எழுதி வெளியிட: முதல் தடவைக்காரர்களுக்கு

என் முதல் பாகம் வந்து இரண்டு மாதம் கழித்து சவுதி அரேபியாவின் தம்மாமிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் போன் பண்ணினார். "அண்ணே, கதை நல்லா இருக்கு. ஆனா 41ஆம் பக்கத்துல அந்தக் கிணத்துக்கும் கோட்டைக்கும் ஆறு நாள் தூரம்னு எழுதியிருக்கீங்க. 207ஆம் பக்கத்துல உங்க ஆளு காயம்பட்ட ஒட்டகத்துல ஒரே ராத்திரில போயிடுறான். அது ஒட்டகமா, லேண்ட் குரூசரா?"

நான் அமீரகத்து அல் ஐனில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஒன்பது வருஷம் கணக்கு எழுதியவன். வெள்ளிக்கிழமை ஆனால் மணல்மேட்டைப் பார்த்தபடிதான் டீ குடிப்பேன். எனக்கே இந்தக் கதி. போன் வந்த அன்று, அச்சடித்த 300 பிரதியில் 260 என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

அரபு மண்ணை மனத்தில் வைத்து மணல், ஜின், சாத்து (ஒட்டகத்தில் போகிற வணிகர் கூட்டம்), கோட்டை என்று மூன்று நான்கு பாகத்துக்குக் கதை விரிக்கத் திட்டம் போட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. எங்கே காசு போகும், எந்தத் தாள் எப்போது வேண்டும், எதை முதலில் செய்யாவிட்டால் பின்னால் தலைவலி, அவ்வளவுதான்.

1. முதலில் ஒரு கணக்கு நோட்டுப் போடுங்கள்

கதாநாயகியின் கண் என்ன நிறம் என்று குறித்துவைக்கிற நோட்டு இல்லை. தூரம், தண்ணீர், நாள் மூன்றுக்கும் கணக்கு. தொடர்கதையில் எல்லாப் பிழையும் இந்த மூன்றில்தான் முளைக்கிறது.

சுமை ஏற்றிய ஒட்டகம் மணிக்கு நான்கு, ஐந்து கிலோமீட்டர் நடக்கும். ஒரு நாளைக்கு முப்பது முதல் நாற்பது கிலோமீட்டர். ஆறு நாள் என்றால் சுமார் 200 கிலோமீட்டர். என் ஆள் அதை ஒரே ராத்திரியில், அதுவும் நொண்டுகிற ஒட்டகத்தில் கடந்தான். வரைபடத்தை முதல் நாளே ஒரு தாளில் போட்டு, ஊருக்கு ஊர் 'இத்தனை ஒட்டக நாள்' என்று கோடு மேலேயே எழுதியிருந்தால் அந்தப் போன் வந்திருக்காது.

அடுத்து தண்ணீர். திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் இல்லை. இது தெரியும் என்பீர்கள். எனக்கும் தெரியும், ஆனாலும் ஒரு பாத்திரம் திமிலைக் கீறித் தண்ணீர் குடிப்பதாக எழுதி, மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்தம், பார்த்த பெண்மணி அடித்துக் கொடுத்தார். தாகத்தோடு வந்த ஒட்டகம் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் நூறு லிட்டர் வரை குடித்துவிடும். நாற்பது ஒட்டகச் சாத்து ஒன்று கிணற்றுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாயிரம் லிட்டர். அதைத் தோல் வாளியில் இறைக்க வேண்டும். கைமாற்றி இறைக்க நான்கு பேர் இருந்தாலும் பாதி நாள் போய்விடும். அந்தப் பாதி நாளில் எதிரிச் சாத்து ஒன்று அதே கிணற்றுக்கு வந்து நின்றால்? எனக்கு இரண்டாம் பாகத்தின் மொத்தச் சண்டையும் இந்தக் கூட்டல் கணக்கிலிருந்துதான் கிடைத்தது. மந்திரவாதி தேவைப்படவில்லை.

நாள் கணக்கில் ஒரு பொறி உண்டு. உங்கள் உலகத்துக்கு நிலாவை வைத்து மாதம் எண்ணுகிற பஞ்சாங்கம் வைத்தால் வருஷத்துக்கு 354 நாள். பருவகாலம் சூரியன் கணக்கில் ஓடும். இரண்டுக்கும் நடுவே வருஷத்துக்குப் பதினோரு நாள் வித்தியாசம். முதல் பாகத்தில் கொளுத்துகிற வெயிலில் வந்த திருவிழா, கதையில் எட்டு வருஷம் கழிந்து மூன்றாம் பாகத்தில் வரும்போது ஏறக்குறைய மூன்று மாதம் முன்னால் தள்ளி வந்திருக்க வேண்டும். வெயில் மாறியிருக்கும், மேய்ச்சல் மாறியிருக்கும், பேரீச்சை பழுத்திருக்காது. அங்கே மக்கள் பருவத்துக்கு நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் விடிகாலையில் சுஹைல் தெரிந்தால் கோடையின் கடுமை இறங்கப்போகிறது என்று அர்த்தம். எங்கள் கடைக்கு வரும் ஓமானிப் பெரியவர் ஒருவர் அதைக் காட்டினபோது எனக்குப் புல்லரித்தது. அது நம் அகத்திய நட்சத்திரம். ஒரே நட்சத்திரம், இங்கே முனிவர், அங்கே ஏசியை அணைக்கலாம் என்ற செய்தி.

செலவு: அறுபது ரூபாய்க்கு ஒரு நோட்டு. நேரம்: மூன்று வாரம். நான் முதல் பாகம் அச்சானபிறகு போட்டேன். அதனால் எனக்கு இதைவிட நிறைய ஆயிற்று.

2. நம் பாலையை அங்கே தூக்கிக்கொண்டு போகாதீர்கள்

தமிழில் படித்து வளர்ந்தவர்கள் எல்லோரும் விழுகிற குழி இது. நம் இலக்கியத்துப் பாலை என்பது முல்லையும் குறிஞ்சியும் மழையில்லாமல் காய்ந்துபோன நிலம். சிலப்பதிகாரமே அதைத்தான் சொல்கிறது. அதில் கள்ளி இருக்கும், கல் இருக்கும், ஆறலை கள்வர் இருப்பார்கள். கிலோமீட்டர் கணக்கில் மணற்கடல் இருக்காது. என் முதல் வரைவில் அரபு மணல்மேட்டில் சப்பாத்திக்கள்ளியை நட்டுவைத்திருந்தேன். சப்பாத்திக்கள்ளிக்குப் பூர்வீகம் அமெரிக்கா.

அங்கே பார்க்கிற மரம் காஃப். ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரம். வேரை ஆழத்துக்கு இறக்கி மணலில் பச்சையாக நிற்கும். அதன் அடியில்தான் ஒட்டகமும் ஆளும் ஒதுங்குவது. இந்த மரத்துக்குத் தமிழில் பேர் கிடையாது என்று நினைத்து இரண்டு பக்கம் வர்ணித்தேன். பிறகு பார்த்தால் அது வன்னி மரம். நம் ஊர்க் கோயில் தலவிருட்சம். ஒரு சொல்லில் முடிந்திருக்கும். (சீமைக்கருவேலத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இலை ஒன்றுபோல இருக்கும், குணம் வேறு.)

இன்னும் சில. குளிர்காலத்தில் மணல் ராத்திரியில் விறைக்கும். விடிகாலையில் பனிமூட்டம் அடர்ந்து பத்தடி முன்னால் ஒன்றும் தெரியாது. மூட்டத்தில் தொலைந்த சாத்து என்று ஒரு அத்தியாயம் தாராளமாக எழுதலாம், யாரும் எழுதுவதில்லை. மணற்புயலைக் கொண்டுவருகிற வடமேற்குக் காற்று ஷமால். கம்சீன் எகிப்துப் பக்கத்துக் காற்று, இரண்டையும் ஒரே ஊரில் வீசவிட வேண்டாம்.

அரபு நிலம் முழுக்க மணல் என்று நினைப்பதும் தப்பு. ரூப் அல் காலி என்கிற வெற்றுக் கால்பகுதி சுமார் 6.5 லட்சம் சதுர கிலோமீட்டர், ஐந்து தமிழ்நாட்டைப் படுக்கப்போடலாம். ஆனால் ஏமனில் மலையைப் படிப்படியாக வெட்டிக் காப்பி போடுகிறார்கள். கடற்கரையில் ஒரு காலத்தில் முத்துக் குளித்தார்கள். ஓமானிலும் அல் ஐனிலும் ஃபலஜ் என்ற வாய்க்கால் உண்டு. மலையடி நீரை நிலத்துக்கு அடியிலேயே கொண்டுவந்து பேரீச்சந்தோப்பில் விடுவார்கள்.

அந்த ஃபலஜைப் பற்றிக் கொஞ்சம் நிற்கிறேன். தண்ணீர் பங்கு நேரக் கணக்கில். ஒரு அதர் என்றால் சுமார் அரைமணி. உங்கள் தோப்புக்கு மூன்று அதர் என்றால் ஒன்றரை மணிநேரம் மடை உங்கள் பக்கம் திறந்திருக்கும். கடிகாரம் வருவதற்கு முன், பகலில் நட்டுவைத்த கம்பின் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பார்ப்பார்கள். ராத்திரியில் எந்த நட்சத்திரம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பங்கை விற்கலாம், வாடகைக்கு விடலாம், சீதனமாகக் கொடுக்கலாம். ஒரு ஜின், ராத்திரி வானத்தில் ஒரே ஒரு நட்சத்திரத்தை மறைத்துவிட்டால் ஊரில் எத்தனை குடும்பம் வெட்டிக்கொள்ளும்! தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆராய்ச்சிக்கு என்று 'டெசர்ட் சஃபாரி' போகாதீர்கள். அங்கே ஆடுகிற வயிற்று நடனமும் பாவாடை சுழற்றும் தனூராவும் எகிப்திலிருந்து வந்தவை, மணல்வாசிகளுடையவை இல்லை. நான் அதைப் பார்த்துவிட்டு பெதுவின் (பாலைவன நாடோடி) நடனம் என்று ஒரு காட்சி எழுதி, பின்னால் வெட்டினேன். அதற்குப் பதில் வளைகுடாவில் இருக்கிற மாமன் மச்சானிடம் கேளுங்கள். உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். "அரபி வீட்டுக்குப் போனா காவா எப்படிக் கொடுப்பாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சின்னக் கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்றுவார்கள், கிண்ணத்தைச் சும்மா நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள், போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும் என்று அவரே சொல்வார். ஆட்டத் தெரியாத ஒற்றன் அங்கேயே பிடிபடுவான். காட்சி தயார்.

3. பெயரும் எழுத்தும்: இங்கே சோம்பினால் நான்கு பாகத்துக்கும் அழுவீர்கள்

'அப்துல்' தனிப்பெயர் இல்லை. 'இன்னாருடைய அடியான்' என்பதில் பாதி. பின்னால் இறைவனின் பெயர்களில் ஒன்று வர வேண்டும். 'பின்' என்றால் மகன், 'பின்த்' மகள், 'அபு' தந்தை, 'உம்மு' தாய். என் வரைவில் கல்யாணமே ஆகாத பதினைந்து வயதுப் பையனை எல்லோரும் 'அபு ஸாலிம்' என்று கூப்பிட்டார்கள். பட்டப்பேராக அப்படி வைப்பதும் உண்டுதான், ஆனால் நான் அதைத் தெரிந்து வைக்கவில்லை.

ஜின் வகைகளையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஜின் என்பது பொதுப்பெயர். இஃப்ரீத் மூர்க்கம். மாரித் அதைவிட வலிமை என்று சில கதைகள் சொல்லும். கூல் பாலைவழியில் ஆளை மயக்கி இழுத்துச் செல்வது. எந்த உருவத்துக்கு மாறினாலும் கால் மட்டும் கழுதைக் குளம்பாகவே இருக்கும் என்று பழங்கதை. எல்லாவற்றையும் 'பூதம்' என்று எழுதி முடித்த பிறகு, ஒரு ராத்திரி 'பூதம்' வருகிற இடமெல்லாம் 'ஜின்' என்று கணினியில் மாற்றச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஒரு சித்தர் பாத்திரம் 'ஐம்ஜின் சேர்ந்ததே இந்த உடம்பு' என்று தத்துவம் பேசிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

எழுத்துக்கூட்டலுக்கு ஒரு பட்டியல் வேண்டும். ஹஸனா, ஹசனா? ஷைகா, ஷேக்கா? முடிவு எதுவானாலும் சரி, நான்கு பாகத்திலும் அதுவே இருக்கட்டும். தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஏற்கெனவே புழங்குகிற எழுத்துமுறை இருந்தால் அதையே எடுங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழாக்கினால் கெட்டுப்போகும்.

எனக்குத் தாமதமாகப் புரிந்த ஒன்று: அரபுச் சுவைக்காக அடிக்குறிப்புப் போட்டு அயல்சொல் தூவ வேண்டியதே இல்லை. வசூல், பாக்கி, கைதி, அசல், நகல், ரத்து, ஆஜர், மகசூல் எல்லாம் அரபியிலிருந்து வந்து நம் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற சொற்கள். என் கோட்டையின் வரிக்காரன் பேசுகிற பக்கத்தை இந்தச் சொற்களை மட்டும் வைத்துத் திருப்பி எழுதினேன். 'மூன்று கிணற்று மகசூலில் இன்னும் பாக்கி. நகல் வேண்டாம், அசலோடு நாளை ஆஜராகு.' ஒரு அடிக்குறிப்பும் இல்லை, ஆனால் ஆள் நம் ஊர் வி.ஏ.ஓ. போலவும் இல்லை. அது போதும்.

4. மூன்று வாசகர்கள்

அச்சுக்குப் போகும் முன் வரைவை மூன்று பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஒருவர் வளைகுடாவில் வேலை பார்த்தவர். ஒருவர் மார்க்கம் தெரிந்த முஸ்லிம் வாசகர். கற்பனை உலகம்தானே என்று தொழுகை, நோன்பு, புனிதப் பெயர்களை அலங்காரத்துக்கு வைத்திருந்தால் அவர் மென்மையாகச் சொல்லித் திருத்துவார். அச்சான பிறகு வேறு யாரோ மென்மையில்லாமல் சொல்வதைவிட இது நல்லது. மூன்றாமவர் மாயக்கதையே படிக்காதவர். ஒரு மாதம் கொடுங்கள். அதற்குள் தராதவர் தரமாட்டார்.

5. இரண்டாம் பாகம் வரைவு முடியாமல் முதல் பாகத்தை வெளியிடாதீர்கள்

இதைத் தனித் தலைப்பாகப் போடக் காரணம், நான் கேட்காமல் போன ஒரே அறிவுரை இதுதான். இரண்டாம் பாகம் எழுதும்போதுதான் முதல் பாகத்தில் ஒரு கிணற்றை இடம் மாற்ற வேண்டும் என்று தெரியும். அச்சாகிவிட்டால் கிணறு நகராது.

6. தாள்கள்

அட்டைப்படம். ஓவியருக்குப் பணம் கொடுத்தால் படம் நமக்கு என்று நினைப்போம். எழுதி வாங்குங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் கால அளவு எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் கொள்ளப்படும். எந்தெந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். தொடருக்கு இது பெரிய கண்ணி. நான்காம் பாகம் வரும்போது முதல் பாக அட்டையின் ஐந்து வருஷம் முடிந்திருக்கும், மின்நூலோ உலகம் முழுக்க விற்பனையில் இருக்கும். 'பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், அச்சு, மின்நூல், ஒலிநூல், விளம்பரம் அனைத்துக்கும்' என்ற ஒரு வரி போதும். செயற்கை நுண்ணறிவில் செய்த படம் என்றால் கிண்டிலில் ஏற்றும்போது அதைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள், மறைக்காதீர்கள்.

பதிப்பகம் எடுத்துக்கொள்வதாக இருந்தால் ஒப்பந்தத்தில் இதே பிரிவை உங்கள் பக்கத்திலிருந்து படியுங்கள். 'தொடரின் இனிவரும் பாகங்கள் அனைத்தும்' என்று ஒரு சொற்றொடர் நழுவி உட்கார்ந்திருக்கும். அடித்துவிட்டு 'முதல் பாகம் மட்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். உரிமையை எழுதி வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்றும் சட்டம் சொல்கிறது, ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தால் ஒழிய. அந்த 'வேறுமாதிரி' எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

பதிப்புரிமைப் பதிவு. எழுதின நொடியிலேயே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. வழக்கு என்று வந்தால் சாட்சிக்கு உதவும். வேண்டுமானால் இணையத்திலேயே படிவம் 14 போடலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், ஒவ்வொரு பாகத்துக்கும் தனி. யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க 30 நாள் கட்டாயக் காத்திருப்பு, அதன்பிறகுதான் பரிசீலனைக்கே எடுப்பார்கள். எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. ஒன்று நினைவிருக்கட்டும்: கருவுக்கும் தலைப்புக்கும் உரிமை கிடையாது. 'மணல்ராணி என் ஐடியா' என்று யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஐஎஸ்பிஎன், அதாவது நூலுக்கான சர்வதேச அடையாள எண். இது இலவசம். பெரிய எழுத்தில் எழுதத்தான் ஆசை. ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை என்ற மத்திய அரசு அமைப்பு கொடுக்கிறது. எழுத்தாளராகவே பதிவு செய்யலாம், அடையாளச் சான்றும் தலைப்புப் பக்கமும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நான் இது தெரியாமல் ஒரு இடைத்தரகருக்கு 1,500 ரூபாய் கொடுத்தேன். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவர் தன் பேரிலேயே வாங்கிக் கொடுத்ததால் பதிவேட்டில் என் நூலுக்கு வெளியீட்டாளர் அவர். இரண்டாம் பாகத்துக்கு நானே போட்டேன், ஐந்து வாரம் ஆயிற்று, பைசா இல்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண், அச்சுக்கும் மின்நூலுக்கும் வேறுவேறு. கிண்டிலில் மட்டும் போடுவதாக இருந்தால் தேவையே இல்லை, அவர்களே தங்கள் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள்.

7. மின்நூல்

அமேசான் கிண்டிலில் தமிழ் மின்நூல் நாமே ஏற்றலாம். வேண்டியவை பான் அட்டை, வங்கிக் கணக்கு, கோப்பு, அட்டை. பெயர் மூன்று இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். பானில் தகப்பனார் பெயர் விரிந்தும் வங்கியில் இனிஷியலாகவும் இருந்ததால் எனக்கு இரண்டு வாரம் இழுத்தது. புனைபெயரை நூலில் மட்டும் போடுங்கள், கணக்கில் வேண்டாம்.

வரி நேர்காணல் என்று ஒரு படிவம் வரும், பயப்பட ஒன்றுமில்லை. அமெரிக்க விற்பனைக்கு அங்கே பிடிக்கும் வரி 30 சதவீதம். வரி எண் கேட்கிற இடத்தில் பான் எண்ணைக் கொடுத்தால் இந்திய ஒப்பந்தப்படி 15 ஆகும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுத் தாண்டிவிடாதீர்கள்.

ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் அந்த நூல் மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது. கதையை வாரவாரம் ஏதாவது தளத்திலோ செயலியிலோ போட்டுக்கொண்டிருப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். முதலில் அங்கே எடுத்துவிட்டு, நான்கு நாள் கழித்துத் தேடிப் பார்த்து, பிறகு சேருங்கள். நண்பருக்கு அனுப்பிய பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

தொடர்ப் பெயரையும் பாக எண்ணையும் அதற்கான கட்டத்தில் எழுத்துப் பிசகாமல் போடுங்கள். ஒரு பாகத்தில் 'மணற்கோட்டை', இன்னொன்றில் 'மணல் கோட்டை' என்றால் பட்டியலில் ஒன்றுசேராது. பரிசீலனைக்கு 72 மணிநேரம் வரை. பணம், விற்ற மாதம் முடிந்து சுமார் இரண்டு மாதம் கழித்து வரும். ஜனவரியில் விற்றது மார்ச் கடைசியில்.

8. அச்சு

தமிழ் அச்சுப்புத்தகத்துக்குக் கிண்டில் வழி கிடையாது, அச்சகத்துக்குத்தான் போக வேண்டும். என் கணக்கு இது, 320 பக்கம், டெமி அளவு, 300 பிரதி:

அட்டை ஓவியமும் வடிவமைப்பும் 6,500. மெய்ப்புப் பார்க்கப் பக்கத்துக்கு 15 வீதம் 4,800. பக்க வடிவமைப்பு 20 வீதம் 6,400. அச்சும் பைண்டிங்கும் பிரதிக்கு 118 வீதம் 35,400. ஆக 53,100, ஒரு பிரதியின் அடக்கம் 177. விலை 350 வைத்தேன். கடைக்காரர்கள் கேட்டது 40 சதவீதக் கழிவு. கைக்கு 210. முந்நூறும் விற்றால் பிரதிக்கு 33 ரூபாய் மிச்சம், ஒரு ஒட்டகத்தின் மூக்கணாங்கயிறு வாங்கலாம். என் பேச்சைக் கேட்டால் முதலில் 50 பிரதி மட்டும் தேவைக்கேற்ற அச்சில் போடுங்கள். அடக்கம் கூடும், கட்டிலடி காலியாக இருக்கும்.

பக்கத்தை 16இன் மடங்கில் நிறுத்துங்கள். அச்சில் ஒன்றாக மடிகிற பக்கக் கட்டுக்குப் பேர் ஃபார்ம், ஒரு ஃபார்ம் 16 பக்கம். 323 பக்கம் வந்தால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபார்ம். நன்றியுரையைச் சுருக்கினால் சரியாகிவிடும்.

தாளை முதல் பாகத்திலேயே முடிவு செய்து பில்லில் எழுதி வாங்குங்கள். நான் முதல் பாகத்தை 70 ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு) நேச்சுரல் ஷேடில் போட்டேன். இரண்டாம் பாகத்துக்கு அச்சகம் 'அதே மாதிரிதான் சார்' என்று வேறு தாள் போட்டுவிட்டது. பக்கம் குறைவு, முதுகு தடிமன். அலமாரியில் வைத்தால் அண்ணன் தம்பி போலவே இல்லை.

எழுத்துரு விஷயம் இன்னும் மோசம். யூனிகோடு கோப்பைக் கொடுத்தோம், அவர்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றினார்கள். சாதாரணத் தமிழ்க் கதையில் இது தெரியாது. நம் கதையில் ஃ, ஹ், ஷ, ஸ் பக்கத்துக்கு இருபது. 'இஃப்ரீத்' எல்லாம் 'இப்ரீத்' ஆகி, சில இடங்களில் ஃ மட்டும் தனியாக அடுத்த வரிக்குப் போய் உட்கார்ந்திருந்தது. யூனிகோடிலேயே வடிவமைக்கிற ஆளைப் பிடியுங்கள். கடைசிப் பிடிஎஃபில் உங்கள் பெயர்ப் பட்டியலிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் பாருங்கள்.

நேரம்: சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் பொங்கலை ஒட்டி ஜனவரியில். டிசம்பரில் அச்சகத்தில் கால் வைக்க இடமிருக்காது. நவம்பர் நடுவில் கோப்பு போய்விட வேண்டும். அதாவது மெய்ப்பு அக்டோபரில், மூன்று வாசகர்கள் ஆகஸ்டில். சுஹைல் தெரியும்போது கதை உங்கள் கையைவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று நான் நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறேன்.

9. வெளியான பிறகு

நூல் ஒப்படைப்புச் சட்டம் 1954 என்று ஒன்று இருக்கிறது. வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி வெளியீட்டாளர் தன் செலவில் அனுப்ப வேண்டும். நீங்களே வெளியிட்டால் வெளியீட்டாளர் நீங்கள்தான். அச்சுக்கணக்கில் நான்கு பிரதியை முதலிலேயே ஒதுக்குங்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பிழை வந்தால்: மின்நூலில் கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றலாம், செலவில்லை. சின்னத் திருத்தத்தோடு மறு அச்சுக்குப் பழைய ஐஎஸ்பிஎன் போதும். கதையே மாறுகிற அளவுக்குத் திருத்தினால் புதுப் பதிப்பு, புது எண். எனக்கு ஆறு நாளைக் குறைப்பதா, ஒரே ராத்திரியை நீட்டுவதா என்று குழப்பம். தூரத்தைக் குறைத்தால் மற்ற மூன்று கிணறும் இடம் மாறும். ஆகவே 207ஆம் பக்கத்தில் 'ஒரே இரவில்' என்பதை 'ஆறாம் இரவில்' என்று மாற்றினேன். காயம்பட்ட ஒட்டகம் ஆறு நாள் நடக்குமா என்று தம்மாம்காரரிடமே கேட்டேன். "நடக்காதுண்ணே, வழியில ஒண்ணை மாத்திக்கச் சொல்லுங்க" என்றார். கட்டிலடியில் இருந்த 260 பிரதிக்கும் 'வழியில் ஒட்டகம் மாற்றிக்கொண்டு, ஆறாம் இரவில்' என்று அச்சடித்த துண்டுச்சீட்டு ஒட்ட 180 ரூபாயும் இரண்டு மதியமும் ஆயிற்று. பசை ஃபெவிஸ்டிக் வாங்குங்கள், தண்ணீர்ப் பசை பக்கத்தைச் சுருக்கிவிடும்.